அப்பாவின் வின்செஸ்டரை விற்கலாமா? – வேட்டைப் பக்கம், வாசகர் கேள்வி பதில்

(பதில் எழுதுபவர் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 30 வருடத்துக்கும் மேலாகத் துப்பாக்கிப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். – ஆசிரியர்)

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 36 வயது. டோங்காட் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு இருக்கிறது. போன வருடம் அப்பா காலமானார். அவருடைய வின்செஸ்டர் 94 லீவர் துப்பாக்கி, .30-30 தோட்டா போடுவது, இப்போது ஒரு கடையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வரிசை எண் 19 லட்சத்தில் தொடங்குகிறது. "அதை விற்றுவிட்டு .308ல் ஒரு பிரவுனிங் பி.ஏ.ஆர். செமி ஆட்டோமேட்டிக் வாங்கு. கரும்புக்குள் வருகிற காட்டுப்பன்றிக்கு அதுதான் சரி, குளிர்காலத்தில் இம்பாலா மானுக்கும் ஆகும்" என்கிறான் என் அத்தை மகன். அம்மாவுக்கு விற்க மனமில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தம்பி, "அம்மா சொல்வதைக் கேளுங்கள்" என்று எழுதினால் ஒரு வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் நீங்கள் கேட்டது துப்பாக்கியைப் பற்றி. அதனால் முதலில் கையில் இருப்பது என்னவென்று பார்ப்போம்.

வின்செஸ்டர் கம்பெனி 94 மாடலில் 15 லட்சமாவது துப்பாக்கியை 1948ல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனுக்குக் கொடுத்தது. 20 லட்சமாவது 1953ல் ஐசனோவருக்குப் போனது. உங்களுடையது 19 லட்சம் என்றால், இரண்டுக்கும் நடுவில், ஐசனோவர் துப்பாக்கிக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்தது. 1964ல் செலவைக் குறைப்பதற்காகச் செய்முறையை மாற்றினார்கள். அதற்கு முந்தியவைக்குத்தான் இன்று மதிப்பு. நீங்கள் விற்கப் போனால் கடைக்காரர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்கள் வீட்டுச் சண்டையைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. அந்த 94ஐ உருவாக்கியவர் ஜான் மோசஸ் பிரவுனிங். அத்தை மகன் சொல்கிற பி.ஏ.ஆர். வேட்டைத் துப்பாக்கி 1967ல் வந்தது. அதை வடிவமைத்தவர் புரூஸ் பிரவுனிங், ஜான் மோசஸின் பேரன். 1918ல் வந்த ராணுவத் துப்பாக்கிக்கும் பி.ஏ.ஆர். என்றே பெயர், அது தாத்தா செய்தது. அதன் உள்ளமைப்பு வேறு, இந்த வேட்டைத் துப்பாக்கியின் உள்ளமைப்பு வேறு, குடும்பப் பெயர்தான் ஒன்று. ஆக, உங்கள் வீட்டில் நடப்பது ஒரு தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள வழக்கு.

தாத்தாவின் துப்பாக்கியில் எல்லா வேலையும் உங்கள் கைதான் செய்கிறது. லீவரைக் கீழே தள்ளினால் தோட்டா அறையை மூடியிருக்கும் போல்ட் பின்னால் போகும், காலித் தோட்டா மேலே தெறிக்கும், வெளியே நிற்கும் குதிரை (சுடும்போது அடிக்கிற சுத்தி) மடங்கும். மேலே இழுத்தால் குழலுக்குக் கீழே உள்ள குழாயிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறும். பேரனின் துப்பாக்கியில் அந்த வேலையைப் புகை செய்கிறது. குண்டு குழலுக்குள் போகும்போதே ஒரு சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்டைத் தள்ளும், காலித் தோட்டா வெளியே போகும், ஸ்பிரிங் போல்டை முன்னால் கொண்டுவரும்போது புதுத் தோட்டா கூடவே வரும். நீங்கள் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும். "செமி என்றால் மழை மாதிரிப் பொழியும்" என்று உங்கள் அத்தை மகன் நினைத்திருந்தால், அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடட்டும். .308 பி.ஏ.ஆர். தோட்டாப் பெட்டியில் நாலுதான் பிடிக்கும். உங்கள் அப்பாவின் குழாயில் அதைவிடக் கூடுதலாகவே பிடிக்கும்!

செமி வாங்குகிறவர்கள் எல்லோரும் இரண்டாவது குண்டை நினைத்துத்தான் வாங்குகிறார்கள். நான் சுட ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். என்ன விலங்கு, எத்தனை அடி தூரம், எத்தனை குண்டு, எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது குண்டு தேவைப்பட்டது பலமுறை. ஆனால் அது உடனே, கண் இமைக்கும் நேரத்தில் தேவைப்பட்டது என்றால், ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மற்ற நேரமெல்லாம் விலங்கு ஓடி நின்றது, அல்லது விழுந்து எழுந்தது. லீவரைத் தள்ளி இழுக்க எனக்குப் போதுமான நேரம் இருந்தது. பழகிய கை துப்பாக்கியைத் தோளை விட்டு எடுக்காமலே லீவரை இயக்கிவிடும்.

அந்த ஒரு கை விரலில் முக்கால்வாசி காட்டுப்பன்றி. அத்தை மகன் சொல்வதில் நியாயம் இருப்பது இங்கேதான். பன்றி பகலில் படுத்துக் கிடந்து இரவில் மேயும். பகலில் நீங்கள் அதைப் பார்ப்பது அறுவடைச் சமயத்தில்தான். கரும்பை வெட்டி வெட்டி, கடைசிப் பாத்தி ஒரு தீவு மாதிரி நிற்கும்போது உள்ளே இருப்பது பிய்த்துக்கொண்டு வெளியே ஓடும். இருபது முப்பது அடியில் ஒரு பழுப்பு உருளை உங்கள் முன்னால் கடக்கும். அந்த இடத்தில் செமி நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே இடத்தில், பாத்தியைச் சுற்றி எத்தனை பேர் கத்தியோடு நிற்கிறார்கள்? சுட்ட உடனே தானாக மறுபடி தோட்டா ஏறி, விசை தயாராக நிற்கிற துப்பாக்கியை, பதற்றத்தில் இருக்கும் ஆள் கையில் நான் கொடுக்க மாட்டேன். லீவரை இழுக்கிற அந்த ஒரு நொடியில் பன்றிக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று கண் பார்த்துவிடும்.

சரி, இரண்டிலும் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை ஸ்டேங்கர் பக்கத்தில் ஒரு பெரியவர் தோட்டத்தில் பன்றி என் முன்னால் வந்தது. முதல் குண்டு மண்ணில். லீவரை அவசரமாகப் பாதி மட்டும் தள்ளி இழுத்துவிட்டேன். காலித் தோட்டாவும் வெளியே போகவில்லை, புதுத் தோட்டாவும் உள்ளே ஏறவில்லை. இரண்டும் நடுவில் சண்டை போட்டுக்கொண்டு நின்றன. பன்றி போய்ச் சேர்ந்து, நாங்கள் தேநீர் குடித்து முடித்த பிறகுதான் அதைப் பிரித்தேன். லீவரை முழுசாகத் தள்ள வேண்டும், முழுசாக இழுக்க வேண்டும். அரை மனதோடு செய்தால் அது உங்களை அரைவழியில் விட்டுவிடும்.

இன்னொரு முறை, ஒரு நண்பரின் செமியோடு முள்காட்டில் இம்பாலாவுக்குக் காத்திருந்தேன். சத்தம் வரக்கூடாது என்று போல்டைக் கையால் பிடித்து மெதுவாக, குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல, முன்னால் விட்டேன். மூக்குக்கு நேராக ஒரு நல்ல இம்பாலா வந்து நின்றது. விசையை அழுத்தினேன். 'டிக்.' அவ்வளவுதான். போல்ட் முழுசாகப் பூட்டிக்கொள்ளவில்லை. செமியில் போல்டைப் பின்னால் இழுத்துக் கையை எடுத்துவிட வேண்டும், ஸ்பிரிங் அடித்துப் பூட்டட்டும். 'டணார்' என்று சத்தம் வரும், வரட்டும். அதனால் வண்டியை விட்டு இறங்கியதும், விலங்கு இருக்கும் இடத்துக்கு வெகு தூரத்திலேயே ஏற்றிவிட வேண்டும். லீவரில் அந்தக் கவலை இல்லை. குதிரையை மட்டும் மெதுவாக மடக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் குதிரையிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. உங்களுடைய வயதுத் துப்பாக்கியில் தனியாகப் பூட்டு கிடையாது, குதிரை பாதி மடங்கி நிற்கும் நிலைதான் பாதுகாப்பு. சுடாமல் விட்டுவிட்டீர்கள் என்றால், கட்டைவிரலால் குதிரையைப் பிடித்து, விசையை அழுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். ஜூன் மாதக் காலையில் மிட்லண்ட்ஸ் பனியில் விரல் மரத்துப்போய் இருக்கும்போது இதைச் செய்யப் பாருங்கள். குழல் எப்போதும் மண்ணைப் பார்த்து இருக்கட்டும், சந்தேகமாக இருந்தால் தோட்டாவை இறக்கிவிடுங்கள். தோட்டாவை இறக்குவதிலும் பேரன்தான் கெட்டிக்காரன். பெட்டியைக் கழற்றினால் தீர்ந்தது, அறையில் உள்ள ஒன்றை மட்டும் வெளியே எடுத்தால் போதும். தாத்தாவிடம் ஒவ்வொரு தோட்டாவையும் லீவர் வழியாகவே வெளியே தள்ள வேண்டும். பாக்கியில் ஏறும் முன் (கடன் பாக்கி இல்லை, பின்னால் திறந்த நம்ம ஊர் வண்டி) பண்ணைக்காரர் "காலியா?" என்று கேட்பார். அவர் முன்னால் லீவரை ஆறேழு முறை தள்ளிக்கொண்டு நிற்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, தள்ளுங்கள்.

தூரக் கணக்கு இது. .30-30ன் 150 கிரெய்ன் குண்டு நொடிக்குச் சுமார் 730 மீட்டரில் கிளம்புகிறது, .308ன் அதே எடைக் குண்டு சுமார் 860ல். 100 மீட்டரில் சரியாகக் குறி வைத்தீர்கள் என்றால், 200 மீட்டரில் .30-30 ஒரு சாண் அளவுக்குத் தாழும், .308 ஐந்து விரல் அளவுக்குத் தாழும். இம்பாலாவின் நெஞ்சு ஒரு சாணை விட அதிகம் பெரியதில்லை. அதனால் .30-30ஐ 150 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முள்காட்டில், கடலோரப் புதரில், கரும்போரத்தில் அதற்கு மேல் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஃப்ரீ ஸ்டேட் பக்கம் வெட்டவெளியில் பிளெஸ்பாக் மான் சுடப் போகிறீர்கள் என்றால் அந்தத் துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

டெலஸ்கோப் ஆசை வரும். உங்கள் 94 காலித் தோட்டாவை நேராக மேலே எறியும், அதனால் மேலே ஸ்கோப் வைக்க முடியாது. பக்கவாட்டில் எறிகிற மாதிரி வின்செஸ்டர் மாற்றியதெல்லாம் 1980களில்தான். மார்லின் 336 ஆரம்பத்திலிருந்தே பக்கத்தில் எறியும், அதனால்தான் ஸ்கோப் பிரியர்கள் மார்லினைத் தேடினார்கள். உங்கள் துப்பாக்கியில் துளை போட்டு எதையாவது மாட்டித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். ஒரு துளை போட்டால் அதன் விலை பாதியாகிவிடும், அப்பா கனவில் வந்து கேட்பார். கண் மங்கினால் பின்பக்கம் ஓட்டை வழியாகப் பார்க்கிற குறிப்பான் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். ஏற்கெனவே துளை இருந்தால் மட்டும்.

துடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. லீவரில் எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது வேலை செய்யும். செமி அப்படி இல்லை. பிஸ்டனில் கரி சேர்ந்தால் போல்ட் சோம்பலாகும், ஒரு நாள் நின்றுவிடும். என் மேசைக்கு "பழுது" என்று வந்த செமிகளில் பெரும்பாலானவைக்கு வேண்டியிருந்தது ஒரு பிரஷ்ஷும் அரைமணி நேரமும்தான். வீட்டில் தோட்டா திரும்ப நிரப்புகிறவர்களும் கவனிக்க வேண்டும். செமிக்கு ஒவ்வொரு தோட்டாக் கூட்டையும் முழுநீளத்துக்கும் அளவு பண்ணியாக வேண்டும், இல்லையென்றால் பூட்டாது.

இப்போது சட்டம். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இங்கேதான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், 15ஆம் பிரிவு எப்போதாவது வேட்டைக்குப் போகிறவர்களுக்கானது. அதில் செமி ரைபிள் கிடைக்காது. லீவர் கிடைக்கும். செமி வேண்டுமென்றால் 16ஆம் பிரிவு. அதற்கு அங்கீகாரம் பெற்ற ஒரு வேட்டைச் சங்கத்தில் உறுப்பினராகி, அவர்களுடைய பாடத்தை முடித்து, முழு ஈடுபாடுள்ள வேட்டைக்காரர் என்ற தகுதி வாங்கி, ஒவ்வொரு வருடமும் சங்கத்துக்கு நீங்கள் வேட்டையாடிய கணக்கைக் காட்ட வேண்டும். தகுதிச் சான்றிதழுக்கான பயிற்சியும் வேறு. கையால் இயக்கும் ரைபிளுக்கு ஒன்று, தானாக ஏற்றிக்கொள்ளும் ரைபிளுக்கு வேறொன்று. அத்தை மகன் இதையெல்லாம் சொன்னாரா?

அப்பாவின் துப்பாக்கிக்கும் காகித வேலை உண்டு. வாரிசு என்பதால் அது தானாக உங்களுடையதாகிவிடாது. உங்கள் பேரில் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும், பிறகு போலீஸ் நிலையத்தில் துப்பாக்கி அதிகாரியிடம் உங்கள் பேரில் லைசென்ஸ் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், தரம் சரியான இரும்புப் பெட்டி சுவரில் பதித்திருக்க வேண்டும். சொத்தைப் பார்க்கிற வக்கீலிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வரும் வரை அது கடையிலேயே இருக்கட்டும். "நம்ம வீட்டில்தானே" என்று எடுத்து வந்துவிடாதீர்கள்.

நான் சொல்வது இதுதான்: அப்பாவின் 94ஐ உங்கள் பேருக்கு மாற்றுங்கள். இரண்டு குளிர்காலம் அதோடு நடங்கள். எத்தனை முறை இரண்டாவது குண்டு அவசரமாகத் தேவைப்பட்டது என்று நீங்களும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவில் கரும்புக்கு வரும் பன்றியைத்தான் முக்கியமாகச் சுட வேண்டும் என்றால், அதற்கு ஸ்கோப் மாட்டிய வேறு துப்பாக்கிதான் சரி. ஆனால் அது செமியாக இருக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு முறையும் கையால் போல்டை இழுத்து ஏற்றுகிற சாதாரண போல்ட் துப்பாக்கியே போதும். இரவு வேட்டைக்கு என்ன அனுமதி வேண்டும் என்று மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோவின் அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இதற்கெல்லாம் பிறகும் செமி வேண்டும் என்று தோன்றினால், சங்கத்தில் சேருங்கள், வாங்குங்கள். அதற்காக 94ஐ விற்க வேண்டாம்.

கேள்வி: நான் மாரிட்ஸ்பர்க்கில் ஆசிரியை. கணவரோடு நானும் வேட்டைக்குப் போவேன். அவருடைய .30-06 உதைப்பதில் தோள் கன்றிப்போகிறது, விசையைத் தொடும்போதே கண் மூடிக்கொள்கிறது. செமி உதைக்காது என்கிறார்கள், உண்மையா?

பதில்: உதைக்கும் அம்மா, ஆனால் வேறு மாதிரி உதைக்கும். அதே தோட்டா, அதே எடை என்றால் பின்னால் வரும் வேகத்தின் கணக்கு ஒன்றுதான். செமியில் பிஸ்டனும் போல்டும் ஸ்பிரிங்கும் நகர்ந்து அந்த வேகத்தை நீட்டி விடுகின்றன. ஒரே குத்தாக வருவது ஒரு தள்ளலாக வரும். மாமரத்திலிருந்து விழுந்து என் வலது தோள் கெட்டுப்போன வருடம், நண்பர் ஒருவரின் பெனெல்லி ஆர்கோவால்தான் சுட்டேன். அவர் பக்கத்திலேயே நின்றார், சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. லீவர்தான் உயர்வு என்று 30 வருடம் பேசிய வாய், அந்த வருடம் மூடிக்கொண்டிருந்தது. நண்பர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ஆனாலும் உங்களுக்கு நான் செமியைச் சொல்ல மாட்டேன். இப்போது பழகிப்போன அந்தக் கண்மூடல் துப்பாக்கியை மாற்றினாலும் போகாது. முதலில் கணவரின் துப்பாக்கிக் கட்டை உங்களுக்கு நீளமா என்று பாருங்கள். ஆண்களுக்கு அளவெடுத்த கட்டை பெண்களுக்கு நீளமாக இருக்கும், அப்போது அடி தோளில் விழாமல் கை எலும்பில் விழும். கட்டையைச் சுருக்கி, பின்னால் நல்ல ரப்பர் மாட்டினாலே பாதி வலி குறையும். அதன்பின் .243ல் ஒரு போல்ட் துப்பாக்கி. இம்பாலா, பிளெஸ்பாக், ஸ்பிரிங்பாக் எல்லாவற்றுக்கும் போதும். குடு என்கிற பெரிய மானில் ஆணுக்கு மட்டும் வேண்டாம், அதைக் கணவரிடம் விட்டுவிடுங்கள். .30-30 லீவரும் உங்களுக்கு ஒத்துவரும். அதன் உதை .30-06ல் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஆனால் பழைய துப்பாக்கிகளில் பின்னால் ரப்பர் இருக்காது, இரும்புத் தகடுதான். மெல்லிய சட்டையோடு சுட்டால் அதுவும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி கொடுக்கும்.

கேள்வி: லீவர் துப்பாக்கியில் கூர்முனைக் குண்டு போடக்கூடாது என்று மாமா சொன்னார். ஏன்? (பீனிக்ஸ், கல்லூரி மாணவர்)

பதில்: குழாய்க்குள் தோட்டாக்கள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஒரு தோட்டாவின் மூக்கு, முன்னால் உள்ள தோட்டாவின் பின்பக்கம் நடுவில் உள்ள, அடித்தால் மருந்தைப் பற்றவைக்கிற பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூர்மையாக இருந்து, துப்பாக்கி உதைக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று மோதினால், அந்த மூக்கே ஊசியாகிவிடும். குழாய்க்குள்ளேயே வெடிக்கும், அதுவும் உங்கள் இடது கைக்குப் பக்கத்தில். அதனால்தான் தட்டை மூக்கு அல்லது உருண்டை மூக்கு. இப்போது ஹார்னடி கம்பெனி மெத்தென்ற பிளாஸ்டிக் முனை வைத்து லீவர்களுக்கென்றே கூர்க்குண்டு செய்கிறது, அதைப் போடலாம்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் ஜான் மோசஸ் பிரவுனிங் 1895ல் குழாயே இல்லாமல், கீழே பெட்டி வைத்த ஒரு லீவரைச் செய்தார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து இறங்கிய ரூஸ்வெல்ட் 1909ல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்கு வந்தபோது .405ல் அதைத்தான் கொண்டுவந்தார், சிங்கத்துக்கு அதைத்தான் நம்பினார். சாவேஜ் 99ல் சுழலும் தோட்டாப் பெட்டி. பிரவுனிங் பி.எல்.ஆர். லீவரும் பெட்டிதான், .308கூடப் போடலாம். லீவரின் கையடக்கமும் வேண்டும், கூர்க்குண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு அது நல்ல வழி. டோங்காட் தம்பியும் இதைப் படிக்கட்டும்.

கேள்வி: முருகனுக்குக் காவடி எடுக்கிற சமூகத்தின் பத்திரிகையில் வேட்டைப் பக்கம் தேவையா? (வெருலம் வாசகி)

பதில்: அந்த முருகன் வள்ளியம்மையைத் தேடிப் போனது வேடர் குடிக்குத்தான் அம்மா. காளத்தியில் கண்ணைக் கொடுத்தவரும் வேடர்தான். இதை வாதமாகச் சொல்லவில்லை. உங்கள் மறுப்பை மதிக்கிறேன். என் மனைவியும் உங்கள் கட்சிதான். வீட்டில் மான் இறைச்சிக்குத் தனிச் சட்டி, தனி மூலை, சமைப்பதும் நான்தான். பக்கத்தை நிறுத்துவது ஆசிரியர் கையில் இருக்கிறது.

திருத்தம்: போன இதழில், வின்செஸ்டர் 94 முதன்முதலில் .30-30 தோட்டாவோடுதான் வந்தது என்று எழுதியிருந்தேன். தவறு. 1894ல் அது .32-40, .38-55 என்ற கரிமருந்துத் தோட்டாக்களோடு வந்தது. புகையில்லா மருந்துக்கான .30-30 அடுத்த வருடம், 1895ல்தான் சேர்ந்தது. லேடிஸ்மித் வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார், கடைசி வரியில் "பரிசு உண்டா?" என்றும் கேட்டிருக்கிறார். உண்டு. இந்த ஜூலையில் போட்ட குடு பில்டாங், நம்ம பாட்டி பாஷையில் உப்புக்கண்டம், கொத்தமல்லி கொஞ்சம் தூக்கலாக, அரைக் கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். புரட்டாசி பிறக்கும் முன் வந்து வாங்கிக்கொள்ளவும். அதற்கப்புறம் ஒரு மாதம் என் வீட்டில் அந்த அலமாரியைத் திறக்க விட மாட்டார்கள்.